தாய்மீன்களுக்கு ஒரு பிரசாதம்

முட்டைகள் வெளுத்துவிட்டன.

மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி, குளத்துக்குள் நாலு கம்பு நட்டுக் கட்டியிருந்த துணித்தொட்டிலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள் மஞ்சு. உயிர் பிடித்த மீன் முட்டை வெந்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாக இருக்கும். அவள் உள்ளங்கையில் கிடந்தவையோ மோர்ச்சோறு போல வெள்ளை வெளேரென்று இருந்தன. இன்னொரு மூலையில் அள்ளினாள். அங்கேயும் அதே வெள்ளை. சாவின் வெள்ளை.

"இன்னாடி ஆச்சு? வாயத் தொறந்து சொல்லேன்!" கரையில் நின்று பதறினான் அவள் கணவன் செங்கல்வராயன்.

மஞ்சு குனிந்தாள். குளத்துத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். மார்புவரை நனைந்து நிற்கிறவள் எதற்காக முகம் கழுவுகிறாள் என்று கட்டியவனுக்குத் தெரியாதா? அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

திரும்பிய பக்கத்தில் அவன் அண்ணன் நாகேந்திரன் நின்றிருந்தார். கங்காதர நெல்லூரை ஒட்டிய அந்த நிலமும் குளமும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மீன் வளர்ப்பு அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

"இந்த வருசமும் போச்சா?" என்றார் அவர். "பெத்து வளக்கத் தெரியாத கை. அந்தக் கை தொட்டா மீனு மட்டும் எப்பிடிடா பெக்கும்?"

"அண்ணா!"

"இன்னாடா அண்ணா? ஊரே பேசிக்கினு கீது, நான் சொன்னாத்தான் கசக்குதா? கேட்டுக்கோ. திருமலையில பிரம்மோற்சவத்துக்குக் கொடி ஏர்ற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள குஞ்சு பொறிச்சாச் சரி. இல்லாங்காட்டி குளத்த மூடிட்டு மாங்கன்னு நட்டுடுவேன். தோத்தாபுரி."

ஈரப்புடவை உடம்போடு ஒட்ட, மஞ்சு கரையேறினாள். அவரைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "சரி மாமா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவள் நெஞ்சுக்குள் என்னென்ன புதைக்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் குளம் மட்டுமே அறியும்.

நகரியில் பவர்லூம் ஓசையில் பிறந்து வளர்ந்தவள் மஞ்சு. தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய வீட்டுப் பெண். கல்யாணமாகி கங்காதர நெல்லூருக்கு வந்தபோது, இந்த ஊரின் அமைதி தனக்குப் பயமாக இருந்தது என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த அமைதியைக் கலைக்க ஒரு குழந்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி, திருப்பதி ஆஸ்பத்திரி, எல்லாக் கோயிலும் ஆயிற்று. சீமந்த வீடுகளில் அவளை மெல்லச் சமையலறைப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். வளையல் தட்டு அவள் கைக்கு வராது. வெண்டைக்காய் நறுக்கும் கத்திதான் வரும்.

அந்தக் காலத்தில்தான் செங்கல்வராயன் கரும்புக் கொல்லையின் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேக்கிக் குளம் வெட்டி, ரோகு மீன் விட்டான். விட்டவன் அவன், வளர்த்தவள் அவள். காலையில் தீனியோடு கரையில் கொலுசு ஒலித்தால் மீன்கள் கூட்டமாக வந்து வாயைப் பிளக்கும். அவற்றை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. பெரிய மீன்களை அதே குளத்தில் வலை மறித்துத் தனியே விட்டு, தாய்மீன்களாக வைத்துக்கொண்டாள்.

சித்தூர்ப் பக்கம் மீன் வளர்க்கிறவர்கள் குஞ்சுகளைக் கோதாவரி ஜில்லாக்களிலிருந்துதான் தருவிப்பார்கள். காற்றடைத்த பைகளில் லாரியேறி ரேணிகுண்டா வந்து சேர்வதற்குள் பாதி செத்து மிதக்கும். 'நம்ம தண்ணியில, நம்ம ஊட்லயே குஞ்சு பொறிக்க வெச்சா இன்னா?' இந்த ஒரு கேள்வி மஞ்சுவைப் பிடித்துக்கொண்டது. திருப்பதியில் பயிற்சிக்குப் போய், மீனுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்தாள். துணித்தொட்டிலுக்கு நகரித் துணியைத் தானே தைத்தாள். முதல் வருடம் கொஞ்சம் குஞ்சு பொறித்தது. கொஞ்சம்தான். ஆனாலும் அன்று அவள் ஊருக்கே சர்க்கரை கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பாழும் நோய் வந்தது. மீன்களின் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புண். ஆசையாக வளர்த்த மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன. ஊர் அம்மன் கங்கம்மாவின் கோபம் என்றார்கள். அவள் அம்மனிடம் விழுந்து அழுது வேண்டிக்கொண்டாள். புண் ஆறியது. நோய் போயிற்று.

ஆனால் குஞ்சும் போயிற்று. அடுத்த வருடம் ஒரு முட்டைகூட உயிர் பிடிக்கவில்லை. மனம் விட்டுப்போகிற நேரத்தில் வந்தவர்தான் நீரஜா.

நீரஜா திருப்பதியில் மீன்வளம் படித்து, அதிலேயே ஆராய்ச்சி செய்கிறவர். திருமலைக் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் வைணவக் குடும்பத்துப் பெண். வெங்காயம்கூட நுழையாத வீடு. மீன் வயிற்றைத் தடவிவிட்டு வீடு திரும்பும் மகளை, வாசலிலேயே நிறுத்திக் குளித்துவிட்டு வரச்சொல்வாராம் அம்மா.

"நீங்க மீனு துன்னவே மாட்டீங்களா மேடம்?" என்று முதல் நாளே கேட்டாள் மஞ்சு.

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இது மேல இவ்ளோ பாசம்?"

"திங்காததாலதான் பாசமோ என்னமோ" என்று சிரித்தார் நீரஜா.

அவர் கொண்டுவந்த யோசனை இதுதான். தாய்மீன்களின் தீனியில் சில மூலிகைகளைப் பொடி செய்து கலக்க வேண்டும். பெண்மீனுக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு, ஆண்மீனுக்கு நெருஞ்சிலும் பூனைக்காலி விதையும், இரண்டுக்கும் முருங்கை இலை. அளவாகக் கொடுத்துவந்தால் முட்டை தரமாகும், ஆண்மீனின் விந்து வலுவாகும் என்று வேறு சில இடங்களில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் குளத்திலும் பார்க்கலாமா என்று கேட்டார்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாளே தவிர, பூனைக்காலிக் காயைப் பறிக்கப் போன செங்கல்வராயன் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலியோரம் படர்ந்து கிடந்த கொடியில் வெறுங்கையால் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தான். அந்தக் காயின் சுணை பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வருவதற்குள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் குதித்தான்.

"மாட்டுச் சாணிய எடுத்துத் தடவுடி! பாபோய், சாவறேன்!"

"மீனுக்கு ஆம்பளத்தனம் வரணும்னு போனவன், தன்னுத விட்டுட்டு வந்துட்டான்" என்று எதிர்வீட்டு வெங்கடலட்சுமி சொல்ல, தெருவே சிரித்தது. வெகு நாளைக்குப் பிறகு மஞ்சுவும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

காயை வறுத்துச் சுணை போக்கி, விதையை இடித்துச் சலித்து, தவிட்டிலும் கடலைப் பிண்ணாக்கிலும் பிசைந்து, மாசி முழுக்க, பங்குனி முழுக்க, சித்திரை வெயிலிலும் ஒரு நாள் தவறாமல் போட்டாள். மீன்கள் பளபளத்தன. நீரஜாவின் கண்ணில் நம்பிக்கை மின்னியது.

அந்த நம்பிக்கைதான் ஆனி மாதத்தில் வெள்ளை முட்டைகளாக மிதந்தது.

விஷயத்தை நீரஜா போனில் கேட்டார். பிறகு, "என் பொடியிலதான் ஏதோ தப்பு இருக்கும், மஞ்சு. உங்களுக்கு வீணா ஆசை காட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்கோ" என்றார். வெள்ளிக்கிழமை வந்து மிச்சப் பொடியையும் எடைபோடும் தராசையும் எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

மஞ்சு தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலில் முடிச்சிட்டு, காலில் மஞ்சள் பூசி, தண்ணீருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் பச்சைப் பசேலென்று உருண்டைகள். கற்பூரம் அணைந்ததும் உருண்டைகளை ஒவ்வொன்றாகக் குளத்தில் விட்டாள். தாய்மீன்கள் முண்டியடித்து வந்து விழுங்கின.

"இது என்ன மஞ்சு?"

"பிரசாதம் மேடம். கங்கம்மாவுது."

"உள்ள என்ன இருக்கு?"

"வேப்பங்கொழுந்து, மஞ்சள், கொஞ்சம் பிண்ணாக்கு. கசக்கும்னு வெல்லம் போட்டு அரைப்பேன். கொழந்தைங்க மாதிரி ஆசையாத் துன்னும்."

நீரஜா குனிந்து தட்டை முகர்ந்தார். "எப்போலேர்ந்து போடறேள்?"

"புண்ணு வந்துதே, அப்பலேர்ந்து. ஒடம்பு நல்லாயிட்டா வுடாமப் போடறேன்னு வேண்டிக்கினேன். செவ்வா, வெள்ளி. அம்மனுக்குத் திருவிழா எடுக்கிற ஜாத்திரை மாசத்துல தெனம். குஞ்சு பொறிக்கலன்னு ஆனதும் இன்னும் கொஞ்சம் சேத்தே போடறேன்."

தவிட்டு மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார் நீரஜா. மீன்களுக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று முன்பு கேட்டபோது, மஞ்சு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியிருந்தாள். எதையும் மறைக்கவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டால், கோயிலில் குடித்த தீர்த்தத்தையும் சேர்த்தா சொல்வோம்?

"மஞ்சு, வேம்பு புண்ணுக்கு நல்லதுதான். ஆனா வயித்துக்குள்ள போயிண்டே இருந்தா கருப்பிடிக்கறதையே அடக்கிடும். ஆண்மீனோட விந்தைக் கெடுத்துடும்னு பரிசோதனை பண்ணிப் பாத்திருக்கா. ஒரு பக்கம் நாம பொடி போட்டு வளத்ததை, இன்னொரு பக்கம் இது அழிச்சிண்டிருந்திருக்கு."

தட்டு மஞ்சுவின் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டு தண்ணீரில் விழுந்தது.

"நானா?" என்றாள். "நான் வெல்லம் போட்டு ஊட்டினனே மேடம்! என் கையாலயா?"

எந்தக் கையைப் பெறத் தெரியாத கை என்று மைத்துனர் சொன்னாரோ, அதே கையை அவள் விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் வேப்பிலைப் பச்சை. அந்தப் படியிலேயே சரிந்து உட்கார்ந்து அவள் அழுத அழுகையை எழுத்தில் கொண்டுவர முடியாது. காப்பாற்ற நினைத்த அன்பே காவு கேட்டுவிட்டதே! வெள்ளிக்கிழமை என்றும் மீன்வாடை என்றும் பாராமல் அவள் தோளை அணைத்துக்கொண்டார் நீரஜா.

"நிறுத்திட்டா சரியாயிடும்னுதான் தோணறது. நிச்சயமாச் சொல்ல முடியலை. பொடியை விடாமப் போடலாம். மழைக்காலம் இன்னும் முடியலையே."

"நிறுத்திட்டு, மறுபடியும் புண்ணு வந்துட்டா?"

"குளத்துக்குச் சுண்ணாம்பு போடலாம். தண்ணியைச் சுத்தமா வெச்சுக்கலாம். அதுக்கு மேல..." நீரஜா சற்றுத் தயங்கினார். "அதுக்கு மேல எனக்கும் பெருமாள்தான்."

அன்று மாலை மஞ்சு கங்கம்மா சந்நிதியில் நின்றாள். வேண்டுதலை முறிக்கிறவள் எப்படி நிற்பாளோ, அப்படி நின்றாள். பிறகு சத்தமாகவே பேசினாள், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க.

"அம்மா, உன்ன வோணாம்னு சொல்லல. எங்க குளத்து வாசல்ல நில்லு. வேலி முழுக்க உனக்குத் தோரணம் கட்டறேன். தண்ணிக்குள்ள மட்டும் எறங்காத தாயே. நீயும் ஒரு பொம்பளதான? எம் பொண்ணுங்க பெத்துக்கட்டும்."

மறுநாள் குளத்தைச் சுற்றிய வேலியெங்கும் வேப்பிலைத் தோரணம் ஆடியது. உள்ளே ஒரு கொழுந்துகூட விழாதபடி மேலே வலை கட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அவளை உருக்கிவிட்டது. வழக்கமான நேரத்தில், வழக்கமான படியருகே, மீன்கள் வந்து வாய் திறந்து காத்திருந்தன. வெல்லத்தின் ருசி அவற்றுக்கு மறக்கவில்லை. "போங்கடி, போங்க" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அது நடந்தது. இருப்பதிலேயே பெரிய பெண்மீனின் முதுகில் சிவப்பாக ஒரு புண்!

நாகேந்திரன் முந்திக்கொண்டு வந்தார். "ஆத்தாவுக்குப் பூசைய நிறுத்தினா சும்மா வுடுவாளா? எல்லாத்தையும் வாரிக்கினு போவப் போறா. இப்பவாச்சும் அரைச்சிப் போடு, போ!"

செங்கல்வராயனே கலங்கிப்போனான். "போட்டுடலாமாடி? இது செத்துட்டா நீ தாங்க மாட்டே."

அவள் அம்மிப் பக்கம் நடந்தாள். வேப்பங்கொழுந்து கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கை நீண்டது. நின்றது. திரும்பி வந்து, அந்த மீனை ஈரத்துணியில் ஏந்திப் புண்ணை உற்றுப் பார்த்தாள். போட்டோ எடுத்து நீரஜாவுக்கு அனுப்பினாள். பதில் வருவதற்குள் அவள் உயிர் போய் உயிர் வந்தது.

பதில் வந்தது: "நோய் இல்லை. கொக்கு கொத்தின காயம். ஆறிடும்."

"மேல வலை கட்டியும் கொக்கு எப்பிடிய்யா உள்ள வந்துது?" என்று அவள் கேட்க, "நாந்தான் ஒரு மூலைய அவுத்து வுட்டேன். தீனி போடக் குனிஞ்சா தல இடிக்குது" என்று முணுமுணுத்த செங்கல்வராயன் அன்றைக்கு வாங்கிய திட்டு, நகரித் தறிச் சத்தத்தையும் மீறியிருக்கும்.

ஆவணியில் மழை இறங்கியது. குளத்து மட்டம் ஏறியது. ஒரு காலையில் ஆண்மீன் ஒன்றைப் பிடித்து, அடிவயிற்றை விரலால் மெல்ல நீவினாள் மஞ்சு. ஆனியில் நீவியபோது தண்ணீர் மாதிரி ஏதோ கசிந்தது. இப்போது பால் போலக் கெட்டியாக ஒரு சொட்டு பீறிட்டு அவள் கட்டைவிரலில் விழுந்தது. அதைத் துடைக்காமலே நீரஜாவுக்குப் போன் போட்டாள். "மேடம், மேடம்" என்றுதான் சொல்ல முடிந்தது. அங்கே நீரஜாவுக்கு அது போதுமாயிருந்தது.

திருமலையில் உற்சவத்துக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். நாள் நெருங்கிவிட்டது. தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், தாய்மீன்களுக்கும் ஆண்மீன்களுக்கும் ஊசி போட்டுத் துணித்தொட்டிலில் விட்டார்கள். இதுவும் தவறினால் அடுத்த முயற்சிக்கு மழையும் இல்லை, குளமும் இல்லை.

விடிந்தது.

மஞ்சு தண்ணீரில் இறங்கினாள். கரையில் செங்கல்வராயன், நீரஜா. கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாகேந்திரன். அவள் தொட்டிலில் கையை விட்டாள். அள்ளினாள். பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறடி!" என்று கத்தினான் செங்கல்வராயன்.

திறந்தாள்.

ஜவ்வரிசி! கண்ணாடிக் கண்ணாடியாக, முத்து முத்தாக, உள்ளங்கை நிறைய ஒளி! சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அங்கங்கே சில வெள்ளை. மற்றதெல்லாம் உயிர். மறுபடி அள்ளினாள், மறுபடி உயிர். தொட்டில் முழுக்க, அள்ள அள்ள உயிர்! மஞ்சு தலையை உயர்த்தி ஒரு கூவல் கூவினாள். நீரஜா செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். மீன் உண்ணாத அந்தப் பெண்ணும் பிள்ளை பெறாத இந்தப் பெண்ணும் இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் சிரித்தார்கள், அழுதார்கள்.

பொழுது சாய்வதற்குள் முட்டைகளுக்குள் துடிப்புத் தெரிந்தது. மறுநாள் தொட்டில் எங்கும் நூல்நூலாகக் குஞ்சுகள் நெளிந்தன.

சேதி குளத்துத் தண்ணீர் போல எங்கும் பரவிற்று. குஞ்சுகள் விரலளவு வளர்ந்ததும் ரேணிகுண்டா பக்கத்திலிருந்தும் குடுபல்லி பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து நின்றன. "ஏமம்மா, சேப்ப பில்லலு உன்னாயா?" என்று தெலுங்கில் மீன்குஞ்சு கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு, "உன்னாயி, ரண்டி! வாங்க, வாங்க!" என்று இரண்டு பாஷையிலும் பதில் சொன்னாள் மஞ்சு. காலையில் நிரப்பிய பைகள் மதியத்துக்குள் துள்ளத் துள்ளப் போய்ச் சேர்ந்தன. வழியில் செத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீரஜா தன் தராசைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. "பொடி இன்னும் நாலு குளத்துக்கு வேணும். இங்கயே இடிச்சுக் கலக்கலாமா?" என்று கேட்டார். இப்போது வேலியோரத்துப் பூனைக்காலிக் காயைக் கையுறை போட்டுக்கொண்டு பறிப்பவன் செங்கல்வராயன். தெரு முழுக்க அதற்குச் சாட்சி.

மஞ்சுவுக்குக் குழந்தை பிறந்ததா? இல்லை. அதற்காக அவள் இப்போது எந்தச் சமையலறையிலும் ஒதுங்கி நிற்பதில்லை. சீமந்த வீட்டார் வந்து அழைத்தால், "குஞ்சு புடிக்கிற நாளுங்க, வர நேரமில்ல, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சிரித்தபடி சொல்லி அனுப்புகிறாள். அந்தச் சிரிப்பில் பொய்யில்லை.

வண்டிகள் வரிசைகட்டிய அன்று, வலையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் போதவில்லை. கரையில் நின்ற நாகேந்திரன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வலையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"மஞ்சு. என் பங்கு நெலம் சும்மாதான கீது. அங்க ஒரு குளம் வெட்டலாமா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சு அவசரப்படவில்லை. வலையில் துள்ளும் குஞ்சுகளைப் பார்த்தாள். தண்ணீரில் நனைந்து கசங்கிய மைத்துனரின் வேட்டியைப் பார்த்தாள்.

"வெட்டலாம் மாமா. ஆனா ஒண்ணு. அந்தக் குளத்துத் தாய்மீனுங்களுக்கு வாயில இன்னா போவணும், இன்னா போவக்கூடாதுன்னு நாந்தான் சொல்லுவேன். இன்னோர்த்தர் வாய் அங்க பேசக்கூடாது."

"சரிம்மா."

"கேக்கல மாமா."

"சரின்னு சொன்னேம்மா!" ஊரே கேட்கச் சொன்னார் நாகேந்திரன்.

"அப்ப வலைய இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றாள் மஞ்சு. "குஞ்சு வெளிய பூடும்."